பெயர் மீண்டது; நெய் மீளவில்லை

ஒரு பழத்தின் பெயரை ஒருவர் தமக்கு மாத்திரம் உரிய சொத்தாகப் பதிந்துகொள்ளலாமா? ‘மாம்பழம்’ என்ற சொல்லைப் போத்தலில் ஒட்டி விற்பதற்கு, மாந்தோப்புக்காரன் கடல் கடந்த கம்பெனியொன்றின் அனுமதியைப் பெறவேண்டும் என்று எவரேனும் கூறினால், அவரை எள்ளி நகையாடிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆயினும் நகைப்புக்குரிய இக்காரியம் 1998ஆம் ஆண்டிலே சட்டத்தின் முத்திரையோடு நடந்தேறியது. அமேசன் காட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டுவரும் ‘குப்புவாசு’ என்னும் பழத்தின் பெயரை, அசாகி ஃபூட்ஸ் என்னும் யப்பானியக் கம்பெனி தனது வியாபாரக் குறியாக யப்பானிலே பதிவு செய்துகொண்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதே பெயர் அவ்வாறே பதிவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

2004ஆம் ஆண்டில் யப்பானிய ஆக்கவுரிமை அலுவலகம் அப்பதிவை நீக்கியது. ‘நீதி வென்றது, கதை முடிந்தது’ என்று பலர் எழுதினர். இன்றும் எழுதி வருகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. பெயர் மீண்டது உண்மை. ஆனால் எந்தப் பழத்தின் வித்து நெய்க்காகக் கம்பெனிகள் காட்டை நோக்கி வந்தனவோ, அந்த நெய்யின் பயன் அதனைப் படைத்தவர் கைக்கு மீளவில்லை. பெயரை மீட்ட களிப்பிலே இதனை மறப்பது, பறிகொடுத்த வீட்டின் திறப்பை மாத்திரம் திரும்பப் பெற்றுக்கொண்டு வீடு கிடைத்துவிட்டதென்று கூத்தாடுவதை ஒக்கும்.

மரமும் நெய்யும்

குப்புவாசு, கொக்கோவின் உடன்பிறப்பு. இரண்டும் தியோபுரோமா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ‘தேவர்களின் உணவு’ என்பது அச்சொல்லின் பொருள்; சுவீடனைச் சேர்ந்த லின்னேயஸ் என்ற தாவரவியலாளர் 18ஆம் நூற்றாண்டில் இட்ட பெயர் அது. மனிதர் நட்டு, மனிதர் பேணி, மனிதர் பொறுக்கி, மனிதர் பிழியும் ஒன்றினைத் தேவர்களுக்கு உரியதாக்கி வைத்தமையைப் பிற்கால வரலாற்றுக்கு ஒரு முன்னறிவிப்பு என்றே கொள்ளலாம்.

இம்மரம் அமேசன் மழைக்காட்டின் நிழலிலே வளர்வது. மழைக்காலத்தில் பழம் முற்றித் தானாகவே நிலத்தில் விழும். மண்ணிறத் துகள் படிந்த வன்மையான ஓடு. ஒரு கிலோ முதல் இரண்டு கிலோ வரை எடை. ஓட்டை உடைத்தால் அறை முழுவதும் மணக்கும் வெண்மையான சதை. அச்சதை விதைகளை விட்டு எளிதிற் பிரியாது. ஆகவே பெண்கள் கத்தரிக்கோல் கொண்டு ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வெட்டி வெட்டிச் சதையை எடுப்பர். பானமும் பழப்பாகும் இனிப்பும் ஐஸ்கிறீமும் இச்சதையிலிருந்தே ஆகின்றன. ஆலைகளில் இப்போது இயந்திரங்கள் இருப்பினும், கத்தரிக்கோலால் எடுத்த சதையையே மேலானதென்று அந்நாட்டார் மதிக்கின்றனர்.

சதை போக எஞ்சுவது விதை. சதை எடுக்கும் ஆலைகள் நெடுங்காலம் விதைகளைக் கழிவென்று கொட்டின. அவ்விதைகளைச் சில நாள் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்துப் பிழிந்தால், உலர்ந்த பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதியளவு கொழுப்பு வடிகிறது. நம்மூர் இலுப்பெண்ணெய் குளிர்ச்சியில் உறைவதுபோல் இதுவும் உறைந்து வெண்ணெய் போன்று இறுகும்; தோலிற் பட்டதும் உருகும். கொக்கோ நெய்யினும் மென்மையானது. ஈரத்தைப் பிடித்து வைக்கும் இயல்பு கொண்டதாகையால், முகப்பூச்சு, உதட்டுப் பூச்சு, கூந்தற் பூச்சு என அழகுசாதனக் கம்பெனிகள் இதனை நாடுகின்றன. நெய்யோடு கூடிய விதையை அரைத்துச் சொக்கலேற்றை ஒத்த பண்டமொன்றும் செய்யலாம். அதற்குப் பிரேசிலில் ‘குப்புலாத்தே’ என்று பெயர்.

ஒரு பழத்தின் விதைகள் யாவற்றையும் பிழிந்தாலும் கிடைக்கும் நெய் ஒரு சிறு கிண்ணத்தை நிரப்பாது. பழத்தைப் பொறுக்குபவள் கிலோக் கணக்கில் விற்கிறாள். பூச்சைச் செய்பவன் கிராம் கணக்கில் விற்கிறான். இவ்விரு கணக்குகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு எங்கே போகிறது, யாரிடம் போகிறது என்பதுதான் நமது வினா.

பெயரைக் கவர்ந்த கதை

பிரேசிலின் மேற்கு எல்லையில் அக்ரே என்னும் மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரான ரியோ பிரங்கோவில் இயங்கிய அமேசன்லிங்க் என்னும் தொண்டர் அமைப்பு, காட்டு மக்கள் செய்த குப்புவாசுப் பண்டங்களுக்கு வெளிநாட்டுச் சந்தை தேட முற்பட்டது. ஜெர்மனிக்கு அனுப்ப முயன்றபோதுதான் பழத்தின் பெயரைச் சொல்லுவதற்கே வேறொருவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிய வந்தது. பெயரோடு காரியம் நிற்கவில்லை. விதையிலிருந்து கொழுப்பை எடுக்கும் முறைக்கும் அதன் பயனுக்கும் ஆக்கவுரிமை கோரி அக்கம்பெனி மனுச் செய்திருந்தது.

அமேசன் நகரங்களில் எதிர்ப்புக் கிளர்ந்தது. 1940களிலும் 1950களிலும் ‘எண்ணெய் நம்முடையது’ என்று முழங்கிய பிரேசில் மக்கள் இயக்கம், 1953இல் அரசாங்க எண்ணெய்க் கூட்டுத்தாபனமான பெட்ரோபிராசைத் தோற்றுவித்தது. அந்த முழக்கத்தை நினைவூட்டும் வகையில், ‘குப்புவாசு நம்முடையது’ என்ற குரல் 2003இல் எழுந்தது. பதிவை நீக்குமாறு யப்பானிய அலுவலகத்துக்கு மனுச் சென்றது. 2004 மார்ச் 1ஆந் திகதி அது நீக்கப்பட்டது. குப்புவாசு என்பது ஒரு மூலப்பொருளின் பொதுப்பெயர், அதனை ஒரு கம்பெனியின் குறியாக வைத்தல் வாங்குவோரை மயக்கும் என்பதே தீர்ப்பின் சாரம்.

ஒரு தொண்டர் அமைப்பும், சில வழக்கறிஞரும், பழம் பொறுக்கும் ஏழைகளும் சேர்ந்து பெற்ற இவ்வெற்றியை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தீர்ப்பு எதைக் கூறவில்லை என்பதையும் காணல் வேண்டும். அப்பெயர் காட்டு மக்களுடையது என்று அது கூறவில்லை. அப்பெயர் எவருடையதும் அன்று, பொதுச்சொல் என்றே கூறியது. அந்தப் பொதுமையிற்கூட யாருக்கு நன்மை? ஆலையும் கப்பலும் விளம்பரமும் உடையவனுக்கும், கத்தரிக்கோல் ஒன்றே உடையவளுக்கும் அச்சொல் ஒரேயளவிற் பொதுவாயிற்று. ஓநாய்க்கும் ஆட்டுக்குட்டிக்கும் வேலி திறந்துவிடப்பட்டது, இருவருக்கும் சமத்துவம்!

‘இயற்கையின் கொடை’ என்னும் பொய்

கம்பெனிகளுக்காக வாதாடுவோர் முதலிற் கூறுவது இது: ‘காட்டிற் கிடக்கும் பழம் இயற்கையின் கொடை. அதனை யாரும் படைக்கவில்லை. ஆகவே முதலில் வந்து பயன் கண்டவனுக்கே அது உரியது.’

இவ்வாதத்தின் அடித்தளமே பொய். 2024ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சியொன்று, குப்புவாசு தானே தோன்றிய காட்டு மரம் அன்று என்று காட்டியது. அதே காட்டில் ‘குப்புயீ’ என்றொரு சிறுபழ மரம் உண்டு. ரியோ நெக்ரோ ஆற்றின் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் வாழ்ந்த பழங்குடி மக்கள், ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ஆண்டுகளுக்கு முன்னர், அக்குப்புயீயிலிருந்து பெரிய பழமும் மிகுந்த சதையும் தரும் மரங்களைத் தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து நட்டதன் விளைவே இன்றைய குப்புவாசு என்பது அவ்வாராய்ச்சியின் முடிவு. பின்னர் அது ஆறுகள் வழியே கை மாறிக் கை மாறி அமேசன் எங்கும் பரவிற்று.

பெயரைப் பாருங்கள். தூப்பி மொழியில் ‘அசு’ என்றால் பெரியது. ‘ஈ’ என்றால் சிறியது. சிறியதைப் பெரியதாக்கிய மக்கள், தாம் செய்த காரியத்தைத் தம் மொழியிலேயே குறித்து வைத்தனர். அவர்களிடம் எழுத்து இருக்கவில்லை, அலுவலகம் இருக்கவில்லை, விண்ணப்பப் படிவம் இருக்கவில்லை. அவர்கள் செய்த பதிவு அந்தச் சொல் ஒன்றே. பல்லாயிரம் ஆண்டு உழைப்பின் ஒரே பத்திரமாகிய அச்சொல்லைத்தான் 1998இல் ஒரு கம்பெனி தனதென்று எழுதிக்கொண்டது!

சட்டம் எதனை அறிவு என்று ஏற்கிறது என்பதை இங்கு ஆசிரியரும் மாணவரும் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒருவர் ஓராண்டு செய்த சோதனை ‘கண்டுபிடிப்பு’ ஆகிறது. அதற்குத் திகதி உண்டு, கையொப்பம் உண்டு, உரிமையாளர் உண்டு. ஒரு மக்கட் கூட்டம் 5,000 ஆண்டுகளாகக் கனியைச் சுவைத்து, விதையைத் தெரிந்து, நிலத்தில் ஊன்றிச் செய்த சோதனை ‘இயற்கை’ ஆகிவிடுகிறது. புலமைச் சொத்து என்று இவர்கள் கூறுவதில் புலமை பலருடையது. சொத்து மாத்திரம் ஒருவருடையது. உழைப்பாளியை மறைத்துவிட்டு அவன் உழைப்பின் பயனை இயற்கையின் பெயரில் எழுதுவது முதலாளித்துவத்தின் மிகப் பழைய வித்தை. நிலத்தைத் திருத்தியவனை மறந்து ‘வளமான நிலம்’ என்று கூறும் நிலவுடைமையாளனும் இதே வித்தையைத்தான் செய்தான்.

‘மூலதனம் இன்றேல் முன்னேற்றம் இல்லை’

இரண்டாவது வாதம் சற்று நாகரிகமானது. ‘பழம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். ஆனால் கழிவென்று கொட்டிய விதையில் நெய் இருக்கிறது என்று கண்டு, அதற்குச் சந்தை தேடியவன் மூலதனக்காரன் அல்லவா? அவனுக்கு உரிமைப் பாதுகாப்பு இல்லையாயின் யார் பணம் முடக்குவர்?’ என்கின்றனர்.

இதற்கு விடை வரலாற்றிலேயே இருக்கிறது. குப்புவாசு விதையிலிருந்து குப்புலாத்தே செய்யும் முறையை 1980களிலேயே வகுத்தது, பிரேசில் அரசாங்கத்தின் விவசாய ஆராய்ச்சி நிறுவனமாகிய எம்பிராப்பா. அதன் செலவு பிரேசில் மக்களின் வரிப்பணம். விதையைப் புளிக்க வைத்து, உலர்த்தி, வறுத்துப் பிழியும் முறை கொக்கோவிலிருந்து வந்தது. கொக்கோவின் பக்குவத்தையோ அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்கள் ஐரோப்பியக் கப்பல் அக்கரையில் தட்டுமுன்பே அறிந்திருந்தனர். மரம் மக்களுடையது, முறை மக்களுடையது, ஆராய்ச்சி மக்கள் பணத்தில் நடந்தது. இத்தனைக்கும் பின்னர் வந்த மூலதனம் கொண்டுவந்த புதுமை யாது? விண்ணப்பப் படிவம்!

சந்தையும் கப்பலும் பொதியிடலும் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நெய் காட்டிலேயே உறைந்து கிடக்கட்டும் என்று கூறும் கற்பனாவாதிகள் அல்லர் நாம். பிழியும் பொறியும், அதனை இயக்கும் அறிவும், விற்கும் வழியும் யாருடைய கையில் இருத்தல் வேண்டும் என்பதே நம் கேள்வி. அவற்றை ஒருவர் கையிற் குவித்துவிட்டு, ‘அவர் இன்றேல் நீ பட்டினி’ என்று உழைப்பவளிடம் கூறுவது வாதமன்று, மிரட்டல்.

இறப்பர் கற்பித்த பாடம்

‘எங்கோ தென்னமெரிக்காவிற் கிடக்கும் பழத்துக்காக இலங்கைத் தமிழன் ஏன் கொதிக்க வேண்டும்?’ என்று சிலர் வினவக்கூடும். இந்நாட்டு இறப்பர் மரங்களைப் பார்த்த பின்னருமா இக்கேள்வி?

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர், அமேசனின் கிளையாறாகிய தபஜோஸ் கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். கியூ தாவரவியற் பூங்காவில் அவற்றுள் ஏறத்தாழ 2,700 முளைத்தன. முளைத்தவற்றுள் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்ச் செல்வத்துக்கு அடிகோலிய இடங்களுள் அது தலையாயது. விதைகளை வெளிக்கொண்டு செல்வதை அந்நாளைய பிரேசில் சட்டம் தடுத்ததா என்று வரலாற்றாசிரியர் வாதிடுகின்றனர். வாதிடட்டும். கொண்டுசென்றவருக்கு 1920இல் ‘சேர்’ பட்டம் கிடைத்தது. மரத்தை அறிந்து பாலெடுக்கும் வழியை உலகுக்குக் காட்டிய காட்டு மக்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதில் வாதமில்லை.

அம்மரங்கள் இலங்கையிலும் மலாயாவிலும் காடாய்ப் பெருகியபோது, அவற்றின் அடியில் நின்று பால் வெட்டியவர் யார்? தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட தமிழ் உழைப்பாளிகள் அல்லவா? தோட்டம் மாற விரும்பிய தொழிலாளியின் கடனைக் குறித்து, அக்கடனைத் தீர்ப்பவனிடம் அவனை ஒப்படைக்கும் ‘துண்டு’ முறை 1921 வரையில் இந்நாட்டில் நிலவியது. அமேசனிலும் அதே கதை. அங்கே இறப்பர் எடுப்பவனுக்கு முன்கடனாக அரிசியும் மாவும் கத்தியும் கொடுத்து, அவன் எடுத்த பால் முழுவதையும் வியாபாரி சொன்ன விலைக்கே வாங்கும் ‘அவியமெந்தோ’ முறை நிலவியது. ஒரு மரத்தின் இரு கரைகளிலும் ஒரே கடன் சங்கிலி! இந்நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தைத் தம் முதுகெலும்பால் தாங்கிய அம்மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோர் ஆக்கிற்று. ‘மூலதனம் முன்னேற்றம் தரும்’ என்போர், அம்முன்னேற்றம் யார் வீட்டு முற்றத்தில் நின்றது என்று லயங்களில் வாழ்வோரைக் கேட்டறியட்டும்.

இன்னுமொன்று. ஆசிய இறப்பர் சந்தைக்கு வருமுன், இறப்பர்ப் பணம் அமேசனிலேயே கொழித்தது. மனாவுஸ் நகரில் 1896இல் திறக்கப்பட்ட இசை நாடக அரங்கு இன்றும் அதற்குச் சாட்சி. அப்பொழுது இறப்பர் தென்னமெரிக்கருடைய கையிலேதான் இருந்தது. அதனால் காட்டு மக்கள் வாழ்ந்தனரா? புத்துமாயோ ஆற்றுப் பகுதியில் பழங்குடியினர் சவுக்கடிக்கும் பட்டினிக்கும் கொலைக்கும் ஆளானதை ரோஜர் கேஸ்மென்ட் நேரிற் கண்டு அறிக்கை எழுதினார். அது 1912இல் வெளியாயிற்று. அங்கே ஆட்சி செலுத்தியவன் பெருவைச் சேர்ந்த முதலாளி. அவன் கம்பெனி பதியப்பட்டது இலண்டனில். தேசம் வேறு, கொடி வேறு, சவுக்கு ஒன்று.

ஆகவே, ‘நமது நாட்டுப் பழம் நமது நாட்டு முதலாளிக்கே’ என்னும் குறுகிய தேசியத்தை நாம் ஏற்பதற்கில்லை.

வெற்றிக்குப் பின்

2008ஆம் ஆண்டில் பிரேசில் சட்டமியற்றிக் குப்புவாசுவைத் தன் தேசியப் பழமாக அறிவித்தது. நன்று. ஆனால் தேசியப் பழம் வளரும் தேசியக் காட்டின் நிலை என்ன? பிரேசிலுக்குரிய அமேசன் காட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அழிந்துவிட்டது. அழிந்த நிலத்திற் பெரும்பகுதி மாட்டுப் பண்ணைகளின் மேய்ச்சற் புல்லாகக் கிடக்கிறது. பழத்துக்கு மகுடம் சூட்டிவிட்டு மரத்துக்குக் கோடரி ஓங்குவது எவ்வகைத் தேசபக்தி?

2015ஆம் ஆண்டின் 13,123ஆம் இலக்கச் சட்டம், நாட்டின் உயிர்வளத்திலிருந்து பண்டம் செய்து விற்பவர் அதன் நிகர வருமானத்தில் நூற்றுக்கு 1 வீதம் பங்கீடாகத் தரவேண்டும் என்று விதித்தது. கேட்பதற்கு இனிமைதான். ஆனால் தொழிற்றுறையோடு செய்யும் உடன்படிக்கை மூலம் அதனை நூற்றுக்கு 0.1 வீதம் வரை குறைத்துக்கொள்ள அதே சட்டம் இடமளிக்கிறது. ஆயிரம் ரூபாவுக்கு ஒரு ரூபா! கோயில் உண்டியலிற்கூட இதனை விடத் தாராளமாகப் போடுவர். இச்சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. ‘தோற்றுவாய் அடையாளம் காணமுடியாத மரபறிவு’ என்பது அதன் பெயர். அவ்வறிவுக்குரிய பங்கு எந்தச் சமூகத்துக்கும் நேரே போகாமல் பொது நிதியமொன்றைச் சேரும். ஆறு நெடுகிலும் பல இனத்தார் கைமாற்றி வளர்த்த மரம் ஒன்றுக்கு, ‘இவர்தாம் உரியவர்’ என்று ஒருவரைச் சுட்டுவது எங்ஙனம் இயலும்? பகிர்ந்து வாழ்ந்தமையே அவர்கள் செய்த குற்றமாயிற்று. தனக்கென்று ஒளித்து வைத்தவனுக்கு ஆக்கவுரிமை. அயலானுக்கு அள்ளிக் கொடுத்தவனுக்கு ‘அடையாளம் காணமுடியாதவன்’ என்னும் பட்டம்!

2024 மே மாதத்தில், உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தின் ஆதரவில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் ஓர் உடன்படிக்கையை ஏற்றன. உயிர்வளத்தையோ அதனோடு கூடிய மரபறிவையோ அடிப்படையாகக் கொண்டு ஆக்கவுரிமை கோருவோர், அவை எங்கிருந்து பெறப்பட்டன என்று வெளிப்படுத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். நெடுநாட் போராட்டத்தின் பயன் இது, வரவேற்கத்தக்கது. ஆனால் வெளிப்படுத்துவது வேறு, கொடுப்பது வேறு. ‘இதனை உன்னிடமிருந்து எடுத்தேன்’ என்று எழுதிவைப்பதனால் எடுத்தது திரும்பிவிடாது.

யப்பானியன் பகைவன் அல்லன்

இக்கதையைக் கேட்டு, யப்பான் என்னும் சொல்லையே வெறுக்கத் துணிவோருக்கு நாம் இன்னொரு செய்தியைக் கூறவேண்டும். பிரேசிலின் பாரா மாநிலத்தில் தொமே-அசு என்றோர் ஊர் உண்டு. 1929இல் யப்பானிய ஏழைக் குடியேறிகள் அங்கு வந்து காடு திருத்தினர். மலேரியாவில் மாண்டவர் போக எஞ்சியோர் மிளகு பயிரிட்டு உயர்ந்தனர். பின்னர் வேரழுகல் நோய் வந்து மிளகுத் தோட்டங்களை அழித்தது. ஒரே பயிரை நம்பிக் கெட்டோம் என்று உணர்ந்த அவ்வுழவர், குப்புவாசுவையும் கொக்கோவையும் அசாயிப் பனையையும் நெடுமரங்களையும் ஒரே நிலத்தில் அடுக்கடுக்காக நட்டு, காட்டைப் போன்ற கலப்புத் தோட்டங்களை உண்டாக்கினர். பழங்களைத் தம் கூட்டுறவுச் சங்கத்தின் ஆலையிலேயே பக்குவப்படுத்தி விற்கின்றனர்.

குப்புவாசு என்ற பெயரைப் பதிந்துகொண்டதும் யப்பானியக் கம்பெனி. குப்புவாசு மரத்தை வியர்வை சிந்தி வளர்ப்பவருள்ளும் யப்பானிய வழித்தோன்றல்கள். பிளவு தேசங்களுக்கு இடையே இல்லை. உழைப்புக்கும் உழைப்பை உண்ணும் உடைமைக்கும் இடையே இருக்கிறது.

அக்ரே எல்லையை அடுத்து, நோவா கலிபோர்ணியா என்னும் சிற்றூரில் 1989இல் தோன்றிய ரேக்கா என்னும் கூட்டு முயற்சியும் இதனையே காட்டுகிறது. தெற்கிலிருந்து நிலம் தேடி வந்த வறிய உழவரும், பரம்பரை பரம்பரையாக அக்காட்டில் இறப்பர் எடுத்தோரும் ஒருவரையொருவர் ஐயுற்று மோதாமல் ஒன்றுகூடினர். குப்புவாசு, புபூஞ்ஞாப் பனை, பிரேசில் கொட்டை மூன்றையும் கலந்து நட்டனர். சதை எடுக்கவும் விதை பிழியவும் தமக்கென ஆலைகள் அமைத்தனர். அதற்குச் சற்று முன்னர்தான், 1988 டிசம்பர் 22இல், அதே அக்ரேயின் ஷபுரி நகரில், இறப்பர்த் தொழிலாளர் தலைவரான சிக்கோ மென்டிஸ் பண்ணை முதலாளியின் சூழ்ச்சியாற் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டை வெட்டாமல் காட்டினாலேயே வாழும் உரிமைக்காக அவர் தம் உயிரைக் கொடுத்தார். அவர் கோரிய ஒதுக்குக் காடுகள் 1990இல் சட்டப்படி உருவாகத் தொடங்கின.

இக்கூட்டுறவுகளைச் சொர்க்கம் என்று நாம் வருணிக்கவில்லை. பிழிந்த நெய்யை அவர்கள் பெரும் அழகுசாதனக் கம்பெனிகளுக்கே விற்கவேண்டியிருக்கிறது. விலையைப் பேசும்போது, ஒரு பக்கத்தில் சில நூறு குடும்பங்கள். மறுபக்கத்தில் உலகெங்கும் கடை பரப்பிய மூலதனம். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் காணாதிருக்க முடியாது. பழத்தை விற்பவளிடம் விலை பேசும் வலு இல்லை. நாளை அழுகிவிடும் பண்டத்தை வைத்துக்கொண்டு அவள் யாரோடு பேரம் பேசுவாள்? நெய்யை விற்பவர்களோ காத்திருக்க வல்லவர்கள். நெய் அழுகாது. பிழியும் பொறி எவர் கையில் இருக்கிறதோ, அவர் கையிலேதான் பேரமும் இருக்கிறது.

நாம் வேண்டுவது

எனவே நமது நிலைப்பாடு தெளிவானது. மக்கள் தெரிந்தெடுத்து வளர்த்த பயிர் எதன் மீதும் தனியார் உரிமை, அது பெயரின் வடிவில் வந்தாலும் முறையின் வடிவில் வந்தாலும், செல்லாது என்று உலகச் சட்டம் கூறல் வேண்டும். பழம் விழும் இடத்துக்கு அருகிலேயே, பொறுக்குவோருக்குச் சொந்தமான ஆலைகள், அரசாங்கக் கடனுதவியோடு எழல் வேண்டும். காட்டு நிலத்தின் மீது காட்டு மக்களின் உரிமை எழுத்தில் உறுதியாதல் வேண்டும். நிலம் இல்லாதவனுக்குப் பங்கீடு என்பது பிச்சைக்கு இட்ட மறுபெயர். பங்கீட்டு வீதத்தைத் தொழிலதிபரோடு கூடிக் குறைக்கும் அதிகாரம் எந்த அமைச்சருக்கும் இருத்தலாகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இறப்பரின் தாயகம் அமேசன், கொக்கோவின் தாயகம் தென்னமெரிக்கா என்று வகுப்பிற் கூறும்போது, ‘தாயகம்’ என்ற அச்சொல்லோடு நின்றுவிடாதீர்கள். தாயகம் என்றால் அங்கே தாய் ஒருத்தி இருந்தாள். அவள் கனியைப் பொறுக்கினாள், பெரியதைத் தெரிந்து நட்டாள், அதற்குப் பெயரும் இட்டாள். அம்மரம் எப்படி இங்கு வந்தது, வந்தபோது யார் கொழுத்தார், யார் கடன்பட்டார் என்று மாணவர் கேட்கும்படி கற்பியுங்கள். அக்கேள்வி எழாத புவியியல் வரைபட விற்பனையாளனுக்கு உதவும், மனிதனுக்கு உதவாது.

மாணவர்களே, கடைகளில் ‘மழைக்காட்டின் கொடை’ என்று பொறித்த பூச்சுப் புட்டிகளை நீங்கள் காண்பீர்கள். காடு எதனையும் எவருக்கும் கொடையளிக்கவில்லை. அந்த நெய்யில் 5,000 ஆண்டு உழைப்பு இருக்கிறது. கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் இருக்கின்றன. கொல்லப்பட்ட ஒரு தொழிலாளியின் இரத்தமும் அந்தக் காட்டின் மண்ணில் இருக்கிறது. ஒரு சொல்லைத் திரும்பப் பெறுவதற்கு ஆறு ஆண்டுகள் சென்றன. நெய்யைத் திரும்பப் பெறுவதற்கு எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதைத் தீர்ப்புகள் முடிவு செய்யமாட்டா. பழத்தைப் பொறுக்குவோரும் பாலை வெட்டுவோரும் கொழுந்தைப் பறிப்போரும் ஒருவர் கதையை ஒருவர் எவ்வளவு விரைவில் அறிந்துகொள்கிறார்களோ, அதுவே முடிவு செய்யும்.